நிமிர்த்தாமல் விட்ட துண்டு

நிஸ்ரினை ஏன் பிடிக்கவில்லை என்று யாராவது நேருக்கு நேர் கேட்டிருந்தால் அஜிதா திருதிருவென்று விழித்திருப்பாள். சொல்வதற்கு ஒரு காரணமும் கிடையாது. நிஸ்ரின் மரியாதையான பெண். வந்த நாள் முதல் வாய் நிறைய அக்கா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவந்தபோது முதலில் அஜிதாவின் தட்டில்தான் வைத்தாள், அதுவும் நல்ல துண்டாகப் பார்த்து. இப்படிப்பட்டவளை எதைச் சொல்லி வெறுப்பது? அஜிதாவுக்கு அதுவே பெரிய சள்ளையாக இருந்தது.

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது அவர்கள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம். மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டுகள் சின்னச் சின்ன டப்பாக்களில் அங்கே வந்து சேரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது புற்றுநோய், இது இல்லை என்று எழுதிக் கொடுப்பவர் டாக்டர் ஞானதாசன். பெயரும் புகழும் அவருக்கு. டப்பாவில் வந்தது அவர் கண்ணுக்குப் போய்ச் சேருகிற மட்டும் எத்தனை வேலை இருக்கிறது என்று வெளியே யாருக்குத் தெரியும்? துண்டை உருக்கிய மெழுகில் பதித்து, குளிரவைத்துக் கட்டியாக்க வேண்டும். கட்டியை இயந்திரத்தில் மாட்டி, வெங்காயச் சருகு தோற்றுப்போகிற அளவுக்கு மெல்லிதாகச் சீவ வேண்டும். சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடிச் சில்லில் ஏந்தி, சாயம் ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் அது ஸ்லைடு. பத்தொன்பது வருடமாக அஜிதா இதைத்தான் செய்கிறாள்.

அதிலும் தோல் என்றால் தனிக் கவனம் வேண்டும். தோல் துண்டை மெழுகில் படுக்கவைக்கக் கூடாது, நிற்கவைக்க வேண்டும். நின்றால்தான் மேல்தோல், அதற்குக் கீழே உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். நோய் மேலோடு நிற்கிறதா, உள்ளே இறங்கிவிட்டதா என்பதை அந்த அடுக்கை வைத்துத்தான் சொல்ல முடியும். துண்டு படுத்துவிட்டால் எல்லாம் குழம்பும். மேல்தோலின் சாதாரண மடிப்புகள்கூடக் குறுக்கே வெட்டுப்பட்டு, உள்தோலுக்குள் தீவுதீவாகப் பரவிக் கிடப்பதுபோலக் காட்டும். உண்மையான புற்றும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"தோலா? அஜிதாட்ட குடு." டாக்டர் பத்தொன்பது வருடமாகச் சொன்னது இவ்வளவுதான். பாராட்டு என்று வேறெதுவும் அவர் வாயிலிருந்து வராது. அஜிதாவுக்கு அதுவே போதுமாக இருந்தது, நிஸ்ரின் வருகிறவரைக்கும்.

நிஸ்ரின் கோட்டாறுக்காரி. மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் இதே வேலை பார்த்தவள். கணவன் ரிஜ்வான் ஊரோடு வந்து கடை போட்டதால் அவளும் கூட வந்து, ஒரு வருடமாக இங்கே இருக்கிறாள். கை அத்தனை வேகம். வேகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் டாக்டரிடம் கேள்வி கேட்டாள். "சார், இந்த செல்லு ஏன் இப்படி இருக்கு?" என்று ஸ்லைடும் கையுமாகப் போய் நிற்பாள். டாக்டரின் மைக்ரோஸ்கோப்பில் எதிர்ப்பக்கம் வேறொருவர் உட்கார்ந்து பார்க்க இன்னொரு ஜோடிக் கண்ணாடி உண்டு. அவர் அவளை அங்கே உட்காரச் சொல்லிக் காட்டுவார். அரைமணி நேரம் காட்டுவார். கதவுக்குள்ளிருந்து அவர் சிரிப்பது கேட்கும்.

அஜிதா அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்து இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். இப்போது கேட்டவளுக்குக் கிடைக்கிறது, கேட்காதவள் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகிறாள். சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்காது. சாயக் குடுவைகளை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள். வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சுத்தான். நிஸ்ரின் என்ன கட்டினாள், என்ன தின்றாள், டாக்டரிடம் என்ன கேட்டாள் என்பதெல்லாம் அஜிதாவின் கணவன் ஷைஜுவுக்கு மனப்பாடம்.

"அவளுக்க கத சொல்லாம ஒரு நாளு சோறு போடுவியா?" என்று அவன் ஒரு நாள் கேட்டே விட்டான். அன்று அவனுக்கு மீன்குழம்பு இல்லை, ரசம்தான்.

சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது இது. சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவர் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. தோல் கட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறார், கூடவே ஸ்லைடுகளையும் காட்டப் போகிறார். வருடா வருடம் அதற்குப் போவது அஜிதாவின் ஸ்லைடுகள். அவளும் வியாழக்கிழமையே பத்துப் பதினைந்தைத் தேடியெடுத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

டாக்டர் வந்தார். அவள் அடுக்கி வைத்த தட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி, "நிஸ்ரின், அந்தக் குதிகால் கரும்புற்று நீ வெட்டினதுல்லா? அதயும் எடு. கலரு நல்லா வந்திருக்கு" என்றார்.

ஒரே ஒரு ஸ்லைடு. மற்றதெல்லாம் அஜிதாவுடையதுதான். ஆனால் பொறாமைக்குக் கணக்குத் தெரியாது. அஜிதாவின் காதில் விழுந்தது 'நல்லா வந்திருக்கு' மட்டும்தான். பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தை அவளுக்குக் கிடைத்ததே இல்லை.

அந்தக் காந்தலோடு போய் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அந்த வாரம் மெழுகில் பதிப்பது நிஸ்ரின், சீவுவது அஜிதா. ஆறாவதாகக் கையில் எடுத்த மெழுகுக் கட்டியில் ஒரு தோல் துண்டு இருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரியது. எடுத்த எடுப்பிலேயே அவள் கண்டுகொண்டாள். நேராக நிற்கும் தோல், மெழுகுக் கட்டியின் முகப்பில் ஒரு கோடாகத் தெரியும். இது வட்டமாகத் தெரிந்தது. மெழுகு உறைகிற நேரத்தில் துண்டு சாய்ந்து படுத்திருக்கிறது.

இது யாருக்கும் நடக்கிறதுதான். சீவுகிறவள் பார்த்தால் கட்டியை உருக்கி, துண்டை நிமிர்த்தி, மறுபடி உறையவைத்துக்கொள்வாள். அதற்கு நேரமில்லையென்றால் ஸ்லைடோடு 'சரிந்திருக்கிறது' என்று ஒரு சீட்டு வைத்து டாக்டருக்கு அனுப்புவாள். எழுதி ஒட்டாவிட்டாலும் அந்தக் கூடத்தில் அதுதான் சட்டம். அடுத்தவர்கள் சாய்த்துவைத்த எத்தனையோ துண்டுகளை அஜிதாவே யாரிடமும் சொல்லாமல் நிமிர்த்தியிருக்கிறாள்.

அன்று அவள் நிமிர்த்தவில்லை. பாக்கட்டும், அவளுக்க மஸ்கட்டு வேலைய டாக்டரே பாக்கட்டும் என்று நினைத்தாள். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். ரிஜிஸ்டரை எடுப்பார், பதித்தது யார் என்று பார்ப்பார், கூப்பிட்டு நன்றாகக் கொடுப்பார். அந்த மூக்கு ஒரு தடவையாவது உடையட்டும். அஜிதா கட்டியை மாட்டினாள், சீவினாள். அற்புதமான சீவல், ஒரு கீறல் கிடையாது. சீட்டு வைக்கவில்லை. ரிஜிஸ்டரில் பதித்தவர் என்ற இடத்தில் நிஸ்ரினின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. வெட்டியவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் வழக்கத்தைவிட ஒரு பேருந்து முன்னாலேயே வந்துவிட்டாள். திட்டு விழுவதை எங்கே தவறவிட்டுவிடுவோமோ என்றுதான். டாக்டர் பத்து மணிக்கு ஸ்லைடுகளோடு உட்கார்ந்தார். பதினொன்றாயிற்று. கதவு திறக்கவில்லை. பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, "நிஸ்ரின், டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போய்விட்டார். அஜிதாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுசனுக்குக் கண் போய்விட்டதா?

ஒரு மணிக்கு அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் ஜினிஷா உச்சுக்கொட்டினாள். "பாவம் அக்கா. இனயம் ஊருல ஒரு பொம்பள. வியாகுலம்மாளாம், அம்பத்திரண்டு வயசு. கைப் பெருவெரல்ல கேன்சருன்னு எழுதியிருக்காரு."

அஜிதா எட்டி எண்ணைப் பார்த்தாள். அவள் சீவிய அதே துண்டின் எண்.

தோல் புற்று, உள்ளே இறங்கியிருக்கிறது. டாக்டர் தன் கைப்படத் தெளிவாக எழுதியிருந்தார். அஜிதா தன் மைக்ரோஸ்கோப்பில் போய் அந்த ஸ்லைடை வைத்துப் பார்த்தாள். தீவுதீவாகக் கிடந்தது. அவை புற்றின் தீவுகளா, அல்லது சாய்ந்து வெட்டுப்பட்ட மடிப்புகளா? அவள் டாக்டர் இல்லை, அவளால் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஸ்லைடை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

வரவேற்பறையில் வியாகுலம்மாளின் மகள் வந்து காத்திருந்தாள். அபினா என்று பெயர் சொன்னாள். நான்கு மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டதும் அறிக்கையை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். அஜிதா அவளிடம் போய் என்னத்துக்குப் பேச்சுக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அம்மைக்கு நகத்துக்க பக்கத்துல மரு மாதிரி வந்துது அக்கா. ரெண்டு வருசமா கெடக்கு" என்றாள் அபினா. "கேன்சருன்னா திங்கக்கிழம வெரல கணுவோட எடுக்கணுமுன்னு ஆஸ்பத்திரி டாக்டரு சொல்லியிருக்காரு. அம்மைக்கு மீன் வெட்டி விக்கதுதான் சோலி. பெருவெரலு இல்லாம கத்தி புடிக்க முடியுமா அக்கா?"

"ரிப்போர்ட்டு இன்னும் வரல்ல மக்கா. நீ போயி சாப்பிட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு அஜிதா உள்ளே ஓடினாள்.

அப்போதாவது டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், பார்த்தும் ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும். யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். கட்டியை எடுத்து உருக்கினாள். மேல்பாதி அவள் சீவிய சீவலில் போய்விட்டிருந்தது. மிஞ்சியது வெட்டிப்போட்ட நகத்தின் கீற்று மாதிரி ஒன்று. நல்லவேளையாக அடிப்பாகம் இருந்தது. உள்ளே இறங்கியிருக்கிறதா இல்லையா என்று காட்ட வேண்டியது அதுதான். இடுக்கியால் எடுத்து நிறுத்தினாள், சாய்ந்தது. இன்னொரு தடவை நிறுத்தினாள், மறுபடியும் சாய்ந்தது. நிறுத்திப் பிடிக்க ஒரு கையும் மெழுகு ஊற்ற ஒரு கையும் துண்டு இருக்கிற அச்சைக் குளிர்ந்த தட்டுக்கு நகர்த்த இன்னொரு கையும் வேண்டும். துண்டு உடைந்தால் வேறு துண்டு கிடையாது. மணி ஒன்றரை.

நிஸ்ரின் தொழுதுவிட்டு வந்தாள். இந்த உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், இவளிடமா கேட்பது என்று அஜிதாவுக்கு இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"நிஸ்ரின், ஒரு கை புடி. இது நிக்க மாட்டேங்கு."

நிஸ்ரின் குனிந்து எண்ணைப் பார்த்தாள். ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தாள்.

"இது நான் வச்சதுல்லா அக்கா? சாஞ்சு கெடந்துதா?" என்றாள். பிறகு, அவள் கண் இரண்டாவது கையெழுத்துக்குப் போனதை அஜிதா பார்த்தாள். கண் அங்கே கொஞ்சநேரம் நின்றது. சூடுகாட்டிய ஊசியை எடுத்து, துண்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். "ஊத்துங்க" என்றாள்.

துண்டு நின்றது. கால்மணி நேரத்தில் மெழுகு உறைந்தது. இனிச் சீவ வேண்டும், அதுவும் ஒரே வாய்ப்பு. அஜிதா இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள்.

"நீ வெட்டு. எனக்கு கை நிக்கல்ல."

பத்தொன்பது வருடத்தில் தோலை அவள் வேறொருத்தி கையில் கொடுத்தது அன்றுதான். நிஸ்ரின் சக்கரத்தைச் சுற்றினாள், ஒரே சீராக, அவசரமே இல்லாமல். சீவல் அறுபடாமல் நாடாவாக வந்தது. ஒருத்தியின் விரல் போகிறதா நிற்கிறதா என்கிற அந்த நேரத்திலும், இவ்வளவு அழகாகச் சுற்றுகிறாளே பாவி என்று அஜிதாவுக்கு நெஞ்சு எரிந்தது. என்ன ஜென்மமோ இது என்று தன்னைத்தானே கரித்துக்கொண்டாள்.

சாயம் ஏற்றி முடிக்க மூன்றரை ஆயிற்று. புது ஸ்லைடை இரண்டு பேருமாகக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தார்கள். துண்டு சாய்ந்திருந்தது, நிமிர்த்தி மறுபடி வெட்டினோம் என்று மட்டும் அஜிதா சொன்னாள்.

டாக்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஆழத்தில் தீவு எதுவும் இல்லை. மேல்தோலின் அடிவிளிம்பு வரப்புப் போட்டதுபோல ஒரே மட்டத்தில் நின்றது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மரு. வெறும் மருவுல்லா இது" என்றார். ஜினிஷாவைக் கூப்பிட்டுப் பழைய அறிக்கையைக் கிழிக்கச் சொன்னார், புதிதாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிஸ்ரினைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னட்டி பதிச்ச நீ? எட்டு வருசம் மஸ்கட்டுல இதத்தான் படிச்சியா? ஒரு பொம்பளைக்க வெரலு போயிருக்கும். அஜிதா கண்டதுனால ஆச்சு. பத்தொம்பது வருச அனுபவமுன்னா அதாக்கும். பாத்துப் படி."

அஜிதா ஒரு வருடமாக எதற்கு ஏங்கினாளோ அது முழுசாகக் கிடைத்தது. நிஸ்ரினின் மூக்கு உடைந்தது, அதுவும் அவள் கண் முன்னாலேயே. அவளுக்குப் பாராட்டு கிடைத்தது, அதுவும் நிஸ்ரின் காது கேட்க. நிஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டு, "இனி பாத்து வைக்கேன் சார்" என்றாள்.

வெளியே வரவேற்பறையில் அபினா ஜினிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். அஜிதா அங்கே போகவில்லை. நிஸ்ரினை நடையில் மறித்தாள்.

"நீ ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ல?"

"வெட்டினது நான்னு. வெட்டுகவளுக்குத் தெரியாம இருக்குமா?"

நிஸ்ரின் அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அஜிதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சாச்சு வச்சது நான்தானே அக்கா. அதுல பொய் இல்லல்லா? நீங்க ஏன் விட்டியன்னு உங்களுக்குத் தெரியும். அதப் போயி நான் என்னத்துக்குச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டுச் சாயக் குடுவைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அஜிதாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. வேகம் இவளுக்கு, நல்ல சாயம் இவளுக்கு, டாக்டருக்கு எதிர் நாற்காலி இவளுக்கு. இப்போது பெரிய மனசும் இவளுக்கா? நாளைக்கும் நாளை மறுநாளும் இவள் அக்கா, அக்கா என்று கூப்பிடுவாள், ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலுக்குப் பின்னால் இது இருக்கும். இவள் போட்ட பிச்சையில் தான் நல்லவளாக உலாவ வேண்டும். அதைவிடக் கேவலம் வேறு உண்டா? அபினாவை நினைத்தோ, கர்த்தரை நினைத்தோ, மனசாட்சிக்குப் பயந்தோ அவள் திரும்பி நடந்தாள் என்று சொன்னால் அது பொய். நிஸ்ரினுக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியாமல்தான் அவள் டாக்டரின் கதவைத் தள்ளினாள்.

டாக்டர் பயணப் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"சார், அது சாஞ்சிருந்தது எனக்கு நேத்தே தெரியும். வெட்டும்போதே கண்டேன். நிஸ்ரினுக்கு ஏச்சு கிடைக்கட்டுமுன்னு விட்டேன். சீட்டும் வைக்கல்ல" என்றாள் ஒரே மூச்சில்.

டாக்டர் பையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் திட்டுக்குத் தயாராக நின்றாள். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்று நின்றாள். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"காலைல பாத்தப்பமே சரிஞ்சிருக்குமோன்னு ஒரு நிமிசம் தோணிச்சு அஜிதா. ரிஜிஸ்டர எடுத்துப் பாத்தேன். வெட்டினது நீன்னு இருந்துது. சரிஞ்சிருந்தா இவ நிமித்தியிருப்பா, இல்லன்னா சீட்டு வச்சிருப்பான்னு நெனச்சேன். ரெண்டும் இல்ல. அப்பம் இது கேன்சர்தான்னு எழுதினேன். பெறகு நீ கொண்டுவந்தப்பமும் ஒன் கண்ணுக்குத் தப்பினதுன்னுதான் நெனச்சேன்."

அஜிதா கதவுப் பக்கம் திரும்பினாள். ஆனாலும் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"நிஸ்ரின் வெட்டினதா இருந்தா?"

"எழுதியிருக்க மாட்டேன். திருப்பி வெட்டச் சொல்லியிருப்பேன். அவளுக்கத மட்டுமா? இங்க வேல பாத்த எல்லாருக்கதயும் நான் ரெண்டு தடவ பாக்கதுதான்." அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். "இனி ஒனக்கதயும் ரெண்டு தடவ பாக்கணும்" என்றார். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை.

அவர் போனபிறகும் அஜிதா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அவர் ஒரே தடவை பார்த்து நம்பியது தன் ஸ்லைடுகளை மட்டும்தான் என்பது, அந்த நம்பிக்கை போன பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.